நீலக்கோழிகள் வந்த வயல்

பைலிக்கு வாய் சும்மா இருக்காது. இருந்திருந்தால் மூலந்துருத்தி வயலில் அந்த வருடமும் உப்புத் தண்ணீர் நின்றிருக்கும், லாசர் இறால் பிடித்திருப்பான், ஊரும் முணுமுணுத்துக்கொண்டே தன் பிழைப்பைப் பார்த்திருக்கும். பைலி வாயைத் திறந்தான். திறந்தது நியாயத்துக்குத்தான். நியாயம் என்று கிளம்புகிறவனுக்கு நாக்கு மட்டும் நீளமாக இருந்தால் போதாது, கொஞ்சம் சந்தேகப் புத்தியும் வேண்டும். அது அவனிடம் மருந்துக்கும் கிடையாது.

அந்த வயல் மழைக்கு நெல், கோடைக்கு இறால் என்று ஓடிக்கொண்டிருந்த வயல். ஆனியில் பெய்கிற மழை மண்ணிலுள்ள உப்பைக் கழுவிவிடும், பொக்காளி நெல் விதைப்பார்கள். ஐப்பசியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கதிரை மட்டும் கொய்துகொண்டு தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். பிறகு வரப்பிலுள்ள மதகை, அதாவது தூம்பைத் திறந்தால் காயலில் இருந்து உப்புத் தண்ணீர் ஏறும், கூடவே இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஏறும். தாள் அழுக அழுக இறால் கொழுக்கும். இறாலும் மீனும் கழித்துப்போட்டதில் அடுத்த நெல் வளரும். மூலந்துருத்தியில் எவனும் வயலுக்கு ஒரு கூடை எரு சுமந்ததில்லை. வயல் தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொண்டது.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தவன் லாசர். பைலியின் மனைவி பிரிஜித்தாவின் கூடப்பிறந்த தம்பி. ஒருவருக்கொருவர் அளியன், மச்சான் முறை. ஊரில் எல்லோருடைய பங்கையும் சேர்த்து இறாலுக்குக் குத்தகை எடுத்தவன், நெல்லில் என்ன கிடைக்கிறது என்று கேட்டு, வருடம் முழுக்கத் தண்ணீரை நிறுத்திவைத்தான். பங்காளிகளுக்கும் சேற்றில் இறங்காமல் காசு வந்தது, கசக்குமா? முதல் வருடம் இறால் அள்ளி அள்ளி வந்தது. அடுத்த வருடம் குறைந்தது. அதற்கடுத்து ஓட்டில் வெள்ளைப் புள்ளி விழுந்து செத்து ஒதுங்கியது. லாசர் கடலைத் திட்டினான், காயல் ஓரத்துத் தொழிற்சாலைகளைத் திட்டினான், கண்ணேறு என்றும் சொன்னான். அழுகுவதற்குத் தாள் இல்லாத வயலில் இறால் எதைத் தின்னும் என்று கேட்டவன் பைலி ஒருவன்தான்.

கரையில் நிலமில்லாதவர்களுக்கு வேறு கோபம். முன்பெல்லாம் விஷு வந்தால் குத்தகைக்காரனின் உரிமை தீர்ந்துவிடும். அன்று கரையிலுள்ள அத்தனை பேரும் வயலில் இறங்கிச் சேற்றைக் கலக்கி, மிச்சமிருக்கும் கரிமீனும் மடவையும் நண்டும் யார் கைக்கு எது அகப்படுகிறதோ அதைக் கொண்டுபோகலாம். கெட்டுக்கலக்கு என்று பெயர். கலக்கின கூட்டமே அடுத்த வாரம் வந்து, விதைப்புக்கு மண்ணைக் கூனை கூனையாகக் குவித்துக் கொடுக்கும். லாசரின் வயலில் உரிமை தீருகிற நாளே வரவில்லை, ஆகவே கலக்கும் இல்லை, கூனையும் இல்லை. கையால் தடவியே மீன் பிடிப்பதில் பேர் போன மாணி, லாசரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்:

"என்ன லாசரு, உன் பஞ்சாங்கத்துல விஷுவையே கிழிச்சுப் போட்டுட்டியா?"

மாணியின் ஆட்களும் பைலியும் சேர்ந்து கத்தினதில் பங்காளிகள் கூட்டம் கூடியது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த விஷுவோடு தண்ணீரை இறக்குவது. நெல் விதைப்பது. ஐப்பசியில் வயலில் கதிர் அறுத்துக் காட்டினால் இனி என்றைக்கும் ஒரு நெல், ஒரு இறால். அறுக்க முடியாமல் போனால் வயல் வருடம் முழுக்க லாசருக்கே, பிறகு ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது.

லாசர் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். "அளியன் கேட்டு நான் எதை இல்லைன்னிருக்கேன்? அறுத்துக் காட்டுங்க. ஒரு கட்டு போதும் எனக்கு."

அந்தச் சிரிப்பைப் பார்த்தாவது பைலிக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்த வருடம் விஷுவும் பெரிய வெள்ளியும் ஒரே நாளில் வந்து தொலைத்தன. அங்கேதான் பைலி தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டான்.

"உங்களுக்குக் கர்த்தர் செத்த நாளு, எங்களுக்கு விஷு," என்றாள் மாணி. "நாங்க கணி பாத்து, சோறு தின்னுட்டு மத்தியானம் இறங்கிருவோம். நீங்க சிலுவைப்பாதைக்குப் போங்க. உங்க பங்கு மீனை வீட்டுல கொண்டாந்து போட்டுடறேன், போதுமா?"

"கர்த்தர் சிலுவையில தொங்கற நேரத்துல வயல்ல கூச்சலும் கும்மாளமுமா? நல்லா இருக்குமா மாணி? ஈஸ்டர் முடியட்டும். திங்கக்கிழமை எல்லாருமாச் சேர்ந்து இறங்குவோம். தூம்பு அடைச்சுத்தானே கெடக்கு, மீனு எங்க போயிரும்?"

"மீனு எங்கயும் போவாது. நான் சொல்றது உங்க அளியனை."

"அட, லாசரு ஞானஸ்நானம் வாங்கினவன். பெரிய வெள்ளியும் அதுவுமா வயல்பக்கம் போவானா? கோயில்லதான் இருப்பான்."

"அப்ப சரி. உங்க சாமி, உங்க அளியன், உங்க பொறுப்பு," என்றாள் மாணி. இதற்காகவே மூன்று வருடம் காத்திருந்த கூட்டம், பைலியின் ஒரு வார்த்தைக்காக இன்னும் மூன்று நாள் பொறுத்துக்கொண்டது.

லாசர் கோயிலில்தான் இருந்தான். இருந்ததோடு இல்லை, சிலுவைப்பாதையில் பெரிய மரச்சிலுவையை அவன்தான் தோளில் சுமந்தான். வியர்வை ஊற்றெடுத்து ஓட, ஒவ்வொரு நிலையிலும் முழங்காலிட்டு எழுந்தான். பிரிஜித்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, என் தம்பிக்கும் மனசு இருக்கு," என்றாள். பைலியும் தலையாட்டினான். கடைசியில் எல்லோரும் வரிசையில் நின்று சிலுவையை முத்தமிட்டுப் பாகற்காய்ச் சாறு குடித்தார்கள். கரையில் மற்றவர்கள் விஷுச் சோறு தின்று கண் அசந்திருந்தார்கள். அந்த நேரத்தில், எங்கிருந்தோ வந்த ஆட்கள் வயலில் விஷம் கலக்கினார்கள். மயங்கி மேலே வந்த மீனையும் இறாலையும் வலைபோட்டு வாரி, வள்ளங்களில் ஏற்றிக் காயலைக் கடந்து போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் நாற்றம்தான் முதலில் தெரிந்தது. வயல் முழுக்க வெள்ளை வெள்ளையாக வயிறு. விற்க லாயக்கில்லாத பொடிமீன், விரல் நீள விலாங்கு, இன்னும் ஓடு கெட்டிப்படாத நண்டு. சேற்றுக்குள் இருந்த புழுகூட வெளியே வந்து செத்துக் கிடந்தது. தூம்படியில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்தபடியே விழுந்திருந்தது. பிள்ளைகள் திங்கட்கிழமைக்காக எடுத்து வைத்திருந்த, மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற ஒற்றல் கூடைகளோடு வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போயின.

போலீசுக்குப் போனார்கள். யார் கலக்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில் லாசர் சிலுவை சுமந்துகொண்டிருந்ததற்கு மட்டும் ஊரே சாட்சி.

மாணி பைலியின் வீட்டு வாசலுக்கே வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"விஷுவன்னிக்கு நாங்க இறங்கியிருந்தா இது நடந்திருக்குமா? சொல்லுங்க."

பைலி அவளுக்குப் போட்ட பலகையைத் திரும்பவும் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

"உங்களுக்குப் புண்ணியம் வேணும். எங்களுக்கு மீனு வேணும். நீங்க புண்ணியத்தைக் கட்டிக்கிட்டு அழுங்க. கூனை குத்த எங்காளுங்க ஒருத்தர் வரமாட்டாங்க. அந்த விஷத்துல எவன் காலை வைப்பான்?"

அவள் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் பைலியை வதைத்தது. பங்காளிகளும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவனுக்கு முட்டிவலி, ஒருவனுக்கு மகள் கல்யாணம், ஒருவனுக்குக் காரணம் சொல்லக்கூட நேரமில்லை. பைலி தன் மூலைப் பங்கில் தனியாக இறங்கினான். பிரிஜித்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். தம்பியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைத் திட்டவும் முடியாமல் தாங்கவும் முடியாமல் எல்லாவற்றையும் மண்வெட்டியிடம் காட்டினாள். புருஷனும் பெண்சாதியுமாக வெயிலில் வெந்து அந்தத் துண்டு நிலத்தைக் கூனை குத்தி முடித்தார்கள். மழை வந்தது, உப்பு கரைந்தது. ஓலைக்கூடையில் முளைகட்டி வைத்த விதையைத் தூவினார்கள். நாற்று வந்தது. கூனையை வெட்டிப் பரத்தினார்கள். பார்க்கப் பச்சைப் பசேல் என்றிருந்தது.

ஆனால் வயலுக்குள் சத்தமே இல்லை. அதைப் பைலி தாமதமாகத்தான் கவனித்தான். பொக்காளிக்குள் வள்ளத்தைத் தள்ளினால் இரண்டு பக்கமும் மீன் துள்ளிக்கொண்டே போகும். இப்போது இலையில் உட்கார்ந்திருந்த பூச்சி வள்ளம் இடித்தாலும் பயப்படாமல் உட்கார்ந்திருந்தது. தண்ணீரில் விழும் புழுவைத் தின்ன வாய் இல்லை, தவளையும் இல்லை. ஆவணியில் இலையெல்லாம் சுருண்டு வெளுத்தது. இருவரும் நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று சுருண்ட இலையைக் கையால் கிள்ளிக் கிள்ளிப் போட்டார்கள். இடுப்புக்குக் கீழே தோல் ஊறிப் புண்ணானது. மீன் சம்பளம் வாங்காமல் செய்த வேலை அது. பாதிப் பயிர் பிழைத்தது. கதிர் வந்து பால் பிடித்தது.

அப்போதுதான் நீலக்கோழிகள் வந்தன.

நீலக்கோழி புதுப் பறவை இல்லை. எல்லோரும் விதைத்த காலத்திலும் வரும். அங்கே நாலு, இங்கே நாலு என்று பரவி, ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிட்டுப் போகும். அதைக் கணக்கில் வைத்து யாரும் மனசு புழுங்கியதில்லை. இப்போது கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீர், நடுவே பச்சையாக இருப்பது பைலியின் மூலை ஒன்றுதான். அந்த வட்டாரத்துக் கோழி அத்தனையும் அங்கேயே இறங்கியது. சிவந்த காலால் தாளை வளைத்து மிதித்து, கதிரைக் கடித்து, தின்றது பாதி, துவைத்தது மீதி. பைலி தகரம் தட்டினான். பழைய வலையைக் கட்டினான். பிரிஜித்தாவின் சட்டையைக் குச்சியில் மாட்டி நிறுத்தினான். அதன் தலைமேலேயே ஒரு கோழி ஏறி நின்று வாலை ஆட்டியது. வள்ளத்தில் உட்கார்ந்து கைதட்டித் தட்டி உள்ளங்கை வீங்கியது. இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் இறங்கும்.

கரையில் நின்று மாணி பார்த்தாள். அவள் முகத்தில் இப்போது கோபம் இல்லை. "விட்டுடுங்க பைலிச் சேட்டா. உடம்பு போயிரும்," என்றாள்.

"அறுத்துக் காட்டிட்டா அடுத்த வருஷம் உங்க கலக்கு திரும்ப வரும் மாணி. அதுக்காகவாவது..."

"அறுக்க இதுங்க எதையாவது விட்டு வைக்கணுமே."

அன்று சாயங்காலம் பைலி லாசரின் வீட்டுப் படியேறினான். நியாயத்துக்காகக் கத்தியவன், எந்த வீட்டு வாசலில் காறித் துப்ப வேண்டும் என்று நினைத்தானோ அந்த வாசலில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தைவிடப் பயிர் பெரிதாக இருந்தது.

லாசர் நாற்காலியை இழுத்துப் போட்டான். "வா அளியா. சேச்சி சௌக்கியமா?"

"கோழித் தொல்லை தாங்கல."

"கேள்விப்பட்டேன்."

"உங்கிட்ட... ஏதாவது இருக்குமா?"

லாசர் நக்கலடிக்கவில்லை. அதுதான் பைலிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பான். லாசர் உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்துவந்து செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான்.

"சோத்துல பிசைஞ்சு வாழைத்தண்டுல வெச்சு மிதக்க விடு. கையில படாமப் பாத்துக்க. தண்ணியில சிந்திராத. சேச்சிக்குச் சொல்லாத, அவளுக்கு மனசு ஆகாது." வாசல்வரை வந்தான். "என்னைத் திட்டினியே அளியா, அன்னிக்கு எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. குத்தகை முடியுது, கைக்கு எட்டினதை ஊரு வந்து அள்ளிட்டுப் போகப் போகுது. அது யாருக்குத்தான் பொறுக்கும்?"

 பைலி பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டான்.

அவன் சொன்னபடியே வைத்தான். அன்றிரவு பெய்த மழையில் வாழைத்தண்டுகள் கவிழ்ந்து, பிசைந்த சோறெல்லாம் வயலுக்குள்ளேயே கரைந்தது. விடிந்தபோது நீலக்கோழிகள் தாளுக்கிடையே முகம் குப்புற மிதந்தன. இவ்வளவு அழகான நீலமா என்று அப்போதுதான் பார்த்தான். பிரிஜித்தா வருவதற்குள் வாரிச் சேற்றில் புதைத்தான். வரப்பில், பாதி தின்ற கோழியோடு ஒரு செம்பருந்து கிடந்தது. அதையும் காலால் மிதித்து அழுத்தினான்.

பறவைகள் போனது அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டதால்தான் என்று பிரிஜித்தா நம்பினாள். கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். "நீங்களும் ஒண்ணு ஏத்துங்க, நன்றிகெட்ட மனுஷனா இருக்காதீங்க," என்றாள். அவனும் ஏற்றினான்.

ஐப்பசியில் அறுத்தார்கள். பங்காளிகள் வள்ளத்தில் வந்து பார்த்தார்கள். கதிர்க்கட்டு தலையில் ஏறிக் கரைக்கு வந்தபோது மாணி குலவையிட்டாள். முட்டிவலிக்காரன் ஓடிவந்து கட்டைத் தாங்கினான். பேசியபடி வயல் இனி ஒரு நெல், ஒரு இறால். லாசர் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டு பைலியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஊர் பைலியைத் தோளில் தூக்காத குறை.

புது நெல்லில் பொங்கும் புத்தரிச் சோற்றுக்குப் பிரிஜித்தா கரை முழுவதையும் அழைத்துவிட்டாள். "வேணாம், கொஞ்சம் நெல்லுதானே, விதைக்கு வெச்சுக்கலாம்," என்று பைலி எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "எத்தனை பேரு வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டோம், ஒருவேளைச் சோறு போட்டா குறைஞ்சா போயிருவோம்?" என்று அவள் ஒரே போடாகப் போட்டாள். பாதிரியார் வந்து பானையை மந்திரித்தார். முற்றத்தில் இலை விரித்தார்கள். மாணி மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். "அடுத்த வருஷம் கூனைக்கு ஆளு பத்தலைன்னு சொல்லுங்க, பாப்போம்," என்றாள். சிவந்த, பருத்த பொக்காளிச் சோறு ஆவி பறக்க இலைகளில் விழுந்தது.

லாசர் பைலியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பிரிஜித்தா தம்பிக்குப் போட அகப்பையைத் தூக்கியபோது இலையைக் கையால் மறைத்தான்.

"எனக்குச் சோறு வேணாம் சேச்சி. கப்பைக் கிழங்கு இருந்தா ரெண்டு துண்டு போடு."

"புத்தரியை வேணாங்கறியா? என்னடா இது?"

"வயிறு சரியில்ல."

"தோத்த வயிறு, அப்படித்தான் இருக்கும்," என்றாள் மாணி. முற்றமே சிரித்தது. லாசரும் சிரித்தான். பைலியின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

விதைத்தவன் முதல் உருண்டையை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் இலையில் கை வைப்பார்கள். எல்லோரும் பைலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாணியின் சின்னப் பேத்தி பசி தாங்காமல் இலைமேல் விரலை நீட்ட, மாணி அந்தக் கையைத் தட்டிவிட்டு, "சேட்டன் தின்னட்டும்டி," என்றாள். ஒன்றும் ஆகாது, மழை எல்லாவற்றையும் கழுவியிருக்கும், நெல்லுக்குள் ஏறியிருக்காது என்று பைலி இத்தனை நாளாகத் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்ததையே இன்னொரு தரம் சொல்லிக்கொண்டான். லாசரின் வெற்று இலையைப் பார்த்தான். சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை போதும். ஊரில் யாராலும் அடக்க முடியாத அந்த வாய் இப்போது திறந்தது. உருண்டை உள்ளே போனது.

சோறு நன்றாகத்தான் இருந்தது. "சாப்பிடுங்க," என்றான். எல்லோரும் இலையில் கை வைத்தார்கள்.